பஞ்சாலை நகரத்துக்கென்று ஒரு கலை மரபு உண்டா? கோவை வரலாற்று நடையில் எவை இடம்பெற வேண்டும்?

நொய்யல்கரை:

எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் கோவையில் ஒரு நாள் வரலாற்று நடையைத் திட்டமிட்டு வருகிறோம். வழித்தடத்தை முடிவு செய்வதற்கு முன் இங்குள்ள மூத்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சையையும் மதுரையையும் பற்றிப் பேசும்போது கலையைப் பற்றிப் பேசுகிறோம். கோவையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நூல், மோட்டார், கிரைண்டர் என்று தொழிலிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் இந்த ஊரின் வரலாறு 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையோடு பிறந்ததன்று. வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த பழைய வணிகத்துக்குச் சான்றாக இருக்கின்றன. மேலைச் சிதம்பரம் என்று போற்றப்படும் பேரூரில், நாயக்கர் காலத்துக் கனகசபை மண்டபத் தூண்களில் நிற்கும் சிற்பங்களுக்கு இணையானவை கொங்கு நாட்டில் அரிது. ஆனி மாதத்தில் பட்டீசுவரரும் பச்சைநாயகி அம்மனும் நாற்று நடும் விழா அங்கே இன்றும் நடக்கிறது. நீர் நிறைந்த நொய்யல் படுகையில் உழவை மையமாகக் கொண்டு வளர்ந்த ஒரு பண்பாட்டின் எஞ்சிய அடையாளம் அது.

மில்கள் வந்த பிறகு நிலமும் நேரமும் தொழிற்சாலைக்குப் போய்விட்டன. இரவெல்லாம் கதை கேட்டவர்கள் இரவு ஷிப்டுக்குப் போனார்கள். எனவே பேரூர், கோட்டைமேடு, கோட்டை ஈசுவரன் கோயில், கோனியம்மன் கோயில், 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா நகர மண்டபம் ஆகியவற்றோடு நடையை முடித்துக்கொள்ளலாம் என்று கருதுகிறேன். பஞ்சாலைகளைப் பொருளாதார வரலாறு எழுதுபவர்களுக்கு விட்டுவிடலாம். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

ரிங்பிரேம்:

நொய்யல்கரை அவர்களுக்கு வணக்கம். சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில், பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் எந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இதைப் பொருளாதார வரலாறு எழுதுபவர்களுக்கு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இரவு ஷிப்ட் கதை கேட்பதைக் கெடுத்தது என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கதை சொல்பவருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் தலைமுறையில் மில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுக் குடிபெயர்ந்து வந்தவர்கள் அல்லர். பீளமேடு, சவுரிபாளையம், உப்பிலிபாளையம், கணபதி, ஒண்டிப்புதூர், இருகூர் என்று சுற்றுவட்டாரத்திலேயே வீட்டையும், நிலம் இருந்தவர்கள் அந்தக் காட்டையும் வைத்துக்கொண்டு, நடந்தோ சைக்கிளிலோ சங்குச் சத்தத்துக்கு மில் வாசலில் நின்றவர்கள். அதனால் மாரியம்மன் நோம்பி (திருவிழா) வந்தால் மில் தொழிலாளி வீட்டிலிருந்துதான் முதல் கோயில் வரி போகும். பூச்சாட்டி, கம்பம் நட்டு, கம்பத்தைச் சுற்றி ஆடி, பூவோடு என்னும் தீச்சட்டி எடுத்து, மாவிளக்கு வைத்து, மஞ்சள் நீராடி முடிக்கும் வரையில் ஊருக்குள் தப்பட்டையும் உருமியும் ஓயாது. அந்த நாட்களில் முறை மாற்றிக்கொண்டு வேலை செய்வோம்; நிரந்தரக்காரர் விடுப்பு எடுத்தால்தான் வாசலில் காத்திருக்கும் பதிலிக்கு வேலை கிடைக்கும் என்பதால், நோம்பிக்கு லீவு போடுவதில் இரு தரப்புக்கும் இலாபம் இருந்தது. மில் கூலி வந்த பிறகுதான் எங்கள் ஊரில் நோம்பிக்கு நாடகம் வைக்கும் அளவுக்குப் பணம் புரண்டது என்று எங்கள் அப்பாரு சொல்வார்.

இன்னொன்று, ஆயுத பூஜை. வருடம் முழுவதும் உள்ளே விடாத வாயிற்காவலர் அன்று ஒரு நாள் மட்டும் பெண்டு பிள்ளைகளை உள்ளே விடுவார். எந்திரத்தைத் துடைத்துத் திருநீறும் சந்தனமும் பூசி, வாழைக் கன்று கட்டி, கதிர்களுக்கு மேலே காகிதத் தோரணம் தொங்கவிட்டிருப்போம். எந்தப் பகுதியின் அலங்காரம் சிறப்பு என்பதில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதிக்கும் நூற்புப் பகுதிக்கும் பெரிய போட்டி நடக்கும். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பொரிகடலைப் பொட்டலம்தான். இதை மரபு என்று சொல்லக் கூடாது என்றால், எத்தனை வருடம் நடந்தால் சொல்லலாம் என்பதையும் நீங்களே கூறுங்கள்.

வடகோவை:

ரிங்பிரேம் ஐயா சொன்னதற்கு வரலாற்றுப் பின்னணியைச் சேர்க்கிறேன். ஏனெனில் இந்த ஊரின் மில்கள் ஏன் கிராமங்களை ஒட்டி நின்றன என்பதற்குக் காரணம் உண்டு.

ஸ்டேன்ஸ் மில்லுக்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் வரை கோவையில் மில்களின் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. 1910-ஐ ஒட்டிக் காளீஸ்வரா மில்லும், ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லும் வந்தன. 1920களில் மேலும் சில சேர்ந்தன. கம்போடியாப் பருத்தி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அறிமுகமாகி, கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நன்றாக விளைந்ததால் நீளமான இழை உள்ளூரிலேயே கிடைத்தது. ஆனால் நீராவிக்கு நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. மலிவான மின்சாரம் கம்பி வழியாக வந்துவிட்டதால், இரயில் நிலையத்துக்கு அருகிலேயே மில் இருக்க வேண்டிய தேவை குறைந்தது. பருத்தி விளைவித்துச் செல்வம் சேர்த்த உழவர் குடும்பங்கள் தங்கள் ஊர் நிலத்திலேயே மில் கட்டின. அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் மில்கள் வரிசையாக எழுந்தது இப்படித்தான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்க் கோயிலுக்கு வரி கொடுத்ததும், அதே கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் முரண்பட்டதும் இதன் விளைவுகளே.

நொய்யல்கரை அவர்களின் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். கோவையின் பல பகுதிகளில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் பிளேக் நோய் இந்நகரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அம்மைக்கு உரிய தெய்வத்தையே புதிய நோய்க்கும் பொறுப்பாக்கி, அந்நோயின் ஆங்கிலப் பெயரையே அவளுக்குச் சூட்டி வழிபட்டார்கள். பஞ்சும் தானியமும் இரயிலில் வந்து குவியும் ஒரு வணிக நகரத்தில்தான் எலியும் அந்நோயும் அவ்வளவு வேகமாகப் பரவ முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கோயில்கள் மில் நகரத்தின் நேரடிப் படைப்புகள் என்றே சொல்ல வேண்டும். ஆர்.எஸ். புரம் போன்ற அகலத் தெருக்களுடைய புதிய குடியிருப்புகள் உருவானதிலும், 1920களின் இறுதியில் சிறுவாணி நீர் நகருக்கு வந்ததிலும் அந்த அச்சத்தின் பங்கு உண்டு. பேரூர்த் தூண்களின் அழகு அந்தச் சிறிய கோயில்களில் இல்லைதான். ஆனாலும் இந்த ஊருக்கு மட்டுமே உரிய ஒன்றைக் காட்ட வேண்டுமானால் நான் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வேன்.

நொய்யல்கரை:

விரிவான பதில்களுக்கு நன்றி. பிளேக் மாரியம்மனைச் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் நான் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் இருவரும் காட்டியவை, பழைய வழிபாட்டுக்கு மில் கூலி போய்ச் சேர்ந்த கதைகள். புரவலர் மாறினார், கலை மாறவில்லை.

மும்பையின் மில் பகுதியான கிரண்காவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொங்கணத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து, சால் எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த தொழிலாளர்கள், லாவணிப் பாட்டையும் தமாஷா என்னும் கூத்தையும் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றினார்கள். அண்ணா பாவு சாட்டே, அமர் ஷேக் போன்ற ஷாஹிர்கள் எனப்படும் மக்கள் பாடகர்கள் அந்த மண்ணிலிருந்து எழுந்தார்கள். 1934-இல் தொடங்கிய லால்பாக் பிள்ளையார் விழாவே மில் பகுதி வணிகர்களும் மீனவர்களும் ஏற்படுத்தியதுதான். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் மூடப்பட்டாலும், அந்தப் பாடல்களைக் கேட்டால் எந்த ஊர், எந்தத் தொழில் என்று சொல்லிவிடலாம். கோவை மில் தொழிலாளி அப்படி எதை உருவாக்கினார்? ரிங்பிரேம் ஐயா சொல்வது போல அவர் கிராமத்திலேயே இருந்துவிட்டார் என்றால், புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படவில்லை என்பதுதானே பொருள்?

ஒளிச்சுருள்:

இவ்வளவு நேரமும் சினிமா என்ற சொல்லை யாரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் பிறந்தவர். திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1905-இல் துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். நாட்டின் பல மூலைகளுக்கும் பர்மாவுக்கும் போய்ப் படம் காட்டிவிட்டு, கடைசியில் கூடாரத்தை இறக்கி நிரந்தரமாகக் கட்டடம் எழுப்பிய இடம் கோவைதான். 1914-ஐ ஒட்டி அவர் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயர் இன்றும் அந்தச் சாலைக்கு இருக்கிறது. திரையரங்குக்காக வைத்த மின்னாக்கியை வைத்துக்கொண்டு அச்சகமும் அரவை ஆலையும் நடத்தியவர் அவர். கலையும் எந்திரமும் ஒரே கொட்டகைக்குள் ஓடிய இந்த வகைத் தொழில்முனைவு கோவைக்கே உரிய குணம் என்பேன்.

அவரைத் தொடர்ந்து வந்தது இன்னும் பெரியது. 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியது. அதன் பின்னால் நின்றவர்கள் பஞ்சாலைத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய கோவைத் தொழிலதிபர்கள். 1940களில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு புலியகுளம் பகுதியில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக முதன்முதலில் நடித்த ‘ராஜகுமாரி’ (1947) ஜூபிடர் நிறுவனத்துக்காகச் சென்ட்ரலில் எடுக்கப்பட்டது. அதற்கு வசனம் எழுத வந்த கருணாநிதி சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் தங்கியிருந்தார். பட்சிராஜா தயாரித்த ‘மலைக்கள்ளன்’ (1954) ஆறு மொழிகளில் எடுக்கப்பட்டது. தமிழ்ப் பதிப்பு குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் இவ்விரு படப்பிடிப்புக் கூடங்களும் இயங்கிய காலத்தில், தமிழ் சினிமாவில் கணிசமான பகுதி கொங்கு நாட்டில் பிறந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நூல் விற்ற பணமும், பைக்காரா மின்சாரமும், எந்திரம் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், மாலையில் சீட்டு வாங்கும் கூலிக்காரர் கூட்டமும் ஒரே ஊரில் சேர்ந்திருந்ததால்தான் அது நடந்தது.

நொய்யல்கரை அவர்கள் கேட்ட ‘புதிய கலை’ இதுதான். அது லாவணி போல ஒரு வகுப்பின் குரலாக இல்லாமல், முதலாளி முதலீடு செய்து, தொழிலாளி காசு கொடுத்துப் பார்த்த கலையாக அமைந்தது. கோவையின் இயல்புக்கு அது பொருந்தித்தான் வந்திருக்கிறது.

ரிங்பிரேம்:

ஒளிச்சுருள் தம்பி சொன்னது சரியே. இரண்டாம் ஆட்டம் விடும் நேரத்தைப் பார்த்து வீட்டில் கடிகாரம் திருத்தியவர்கள் உண்டு. சிங்காநல்லூரில் மில் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டம் ஸ்டூடியோ வாசலில் நின்று நடிகர்களின் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும் என்று எனக்கு முந்தைய தலைமுறையினர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தறிமேடை:

மில்லைப் புகழ்ந்து எழுதும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் மில் வருவதற்கு முன்பே நெசவு இருந்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கச் செட்டியார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே தறி நெய்கின்றன. நானும் அவற்றில் ஒன்றிலிருந்து வந்தவன்.

விஜயதசமியன்று ராஜ வீதியில் உள்ள சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்குச் சக்தியை அழைத்து வரும்போது, வீரகுமாரர்கள் எனப்படும் எங்கள் இளைஞர்கள் கத்தியால் மார்பிலும் தோளிலும் வீசிக்கொண்டு, ‘வேசுக்கோ தாயே, தீசுக்கோ தாயே’ என்று முழங்கியபடி ஆடி வருவார்கள். காயத்தில் மஞ்சள் பொடி அப்புவது வழக்கம். பார்ப்பவர்களுக்கு அது இரத்தக் காட்சியாகத் தெரிகிறது. எங்களுக்கோ அடவும் தாளமும் பயிற்சியும் உடைய ஆட்டம் அது. சிறுவர்களுக்கு முதலில் காலடி வைக்கத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கத்தி பிறகுதான் வரும். இதற்கு மில் கூலியும் காரணமன்று, சினிமா முதலீடும் காரணமன்று.

மில் எங்களுக்குச் செய்தது இருவகை. கையால் நூற்ற நூலுக்குப் பதிலாக, ஒரே சீரான மில் நூல் சிட்டம் சிட்டமாகக் கிடைத்ததால் நெசவு எளிதாகியது. கோவை கோரா காட்டன் சேலை இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்பதற்கு அந்த நூலும் ஒரு காரணம். அதே வேளையில், நூல் விலை ஏறும்போதெல்லாம் தறி நின்றது. பிறகு விசைத்தறி வந்து மீதியையும் விழுங்கியது. எங்கள் தெருவிலிருந்து மில் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் மீண்டும் தறிக்குழியில் இறங்கவே இல்லை. எனவே மில் மரபை வளர்த்ததா, அழித்ததா என்று ஒரே வார்த்தையில் யாராவது விடை சொன்னால், எந்தத் தெருவில் நின்றுகொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்பேன்.

சின்னியம்பாளையம் பேத்தி:

மரபு என்றால் கோயிலும் ஆட்டமும் சினிமாவும் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கத்தை ஒடுக்க அடியாட்கள் ஏவப்பட்ட காலத்தில், பெண் தொழிலாளர்களையும் துன்புறுத்திவந்த ஒருவன் மோதலில் இறந்த வழக்கில்தான் அவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதற்கு முன்பே என்.ஜி. ராமசாமி போன்ற தலைவர்கள் இளம் வயதிலேயே தம்மை இந்தத் தொழிலாளர்களுக்காகத் தேய்த்துக்கொண்டார்கள். அவர் 1943-இல் மறைந்தார். ஜீவா கோவை மில் பகுதிகளில் தங்கிச் சங்கம் கட்டிய நாட்களில், கூட்டம் தொடங்குவதற்கு முன் பாட்டுத்தான் தொடங்கும். அந்தப் பாட்டுகள் எங்கள் பாட்டி வாயில் கும்மி மெட்டிலேயே வரும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து நினைவிடத்துக்குக் கொடி ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக, ஒரே நாளில், ஒரே இடத்தில், குடும்பத்தோடு போய் நிற்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? நொய்யல்கரை அண்ணன் மும்பையின் ஷாஹிர்களைத் தேடிப் போனார். அவிநாசி சாலையிலேயே கொஞ்சம் கிழக்கே வந்திருக்கலாம்.

வடகோவை:

சின்னியம்பாளையத்தைச் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே நாளில் பேரூரையும் சின்னியம்பாளையத்தையும் காட்டினால், நடப்பவர்கள் பேருந்திலேயே பெரும்பொழுதைக் கழிப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று ஊருக்கு மேற்கு எல்லை, மற்றொன்று கிழக்கு எல்லை.

கும்மி பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். மில்களின் வருகையால் கிராமக் கலை அழிந்தது என்ற நொய்யல்கரை அவர்களின் தொடக்கக் கூற்று எனக்கு ஏற்புடையதன்று. 1965-இல் காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கைக் கலைஞர்களிடமிருந்து பல இரவுகள் தொடர்ந்து ஒலிப்பதிவு செய்ய முடிந்தது. கோவை மில்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. வள்ளி கும்மியைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்த, மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆண்கள் மட்டும் ஆடிய ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கொங்குப் பகுதியில் திருமண மண்டபம் முதல் கட்சி மாநாடு வரை வள்ளி கும்மி ஆடப்படுகிறது. அந்தப் பெருக்கத்தில் சாதிப் பெருமிதம் கலந்துவிட்டது என்ற விமர்சனமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

வேறொரு பெயரையும் இந்த ஊர் மறந்துவிட்டது. கோயம்புத்தூர் தாயி (1872–1917) கிராமபோன் தட்டுகளில் பாடிய தென்னிந்தியாவின் முதல் தலைமுறைப் பாடகிகளுள் ஒருவர். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவருடைய இசைத்தட்டைக் கேட்டு மயங்கி, அதை அடிப்படையாக வைத்தே ‘ராகமாலிகா’ என்ற பியானோப் படைப்பை எழுதினார். தாயி சென்னைக்குப் போய்விட்டவர்தான். அவரை மில்லோடு இணைக்க வழியில்லை. இருந்தாலும், ஊர்ப் பெயரையே தம் பெயரின் முன்பாதியாகச் சுமந்து பாரிஸ் வரை கொண்டுசேர்த்த ஒருவருக்கு இங்கே ஒரு தெருப்பலகை கூட என் கண்ணில் படவில்லை.

ஒளிச்சுருள்:

வழித்தடத்துக்கு ஒரு யோசனை. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. அவர் 1956-இல் தொடங்கிய சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநர். ஓவியத்தையும் நூற்பு எந்திரத்தையும் அடுத்தடுத்த அறைகளில் வைக்கத் தோன்றிய ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார் என்பதே நம் விவாதத்துக்கு ஓரளவு விடையளிக்கிறது. அங்கிருந்து லட்சுமி மில் வளாகத்துக்குப் போகலாம். பழைய செங்கல் கட்டடங்களை இடிக்காமல் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாற்றியிருக்கிறார்கள்.

ரிங்பிரேம்:

லட்சுமி மில்லைக் காட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். காப்பி குடிக்கப் போகும் மில்லை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், எல்லா மில்லும் அப்படித்தான் முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை நின்றவைதான். பங்கஜா மில் சாலை, சாரதா மில் சாலை, கம்போடியா மில் நிறுத்தம் என்று பேருந்துச் சீட்டில் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது; உள்ளே பூட்டு தொங்குகிறது, அல்லது அடுக்குமாடி வந்துவிட்டது. வேலை போன பிறகு நோம்பி வரி கொடுக்க முடியாமல் ஒதுங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மில் மரபை வளர்த்தது என்று நான் சொன்னதற்கு மறுபக்கம் இது.

நொய்யல்கரை:

எல்லாக் கருத்துகளையும் எங்கள் வட்டத்தில் வைத்துப் பேசினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பதால் நடையை இரண்டாகப் பிரிக்கிறோம்.

முதல் நாள் மேற்கிலிருந்து தொடங்கும்: பேரூர், கோட்டைமேடு, கோனியம்மன் கோயிலும் தேர்நிலைத் திடலும், ராஜ வீதியில் சௌடேஸ்வரி அம்மன் கோயில், நகர மண்டபம், வெரைட்டி ஹால் சாலை, வழியில் ஒரு பிளேக் மாரியம்மன் கோயில். தறிமேடை அவர்கள் ராஜ வீதியில் கத்தி ஆட்டத்தின் அடவுகளைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார். இரண்டாம் நாள் கிழக்கு நோக்கி: ஸ்டேன்ஸ் மில் வாசல், லட்சுமி மில், ஜவுளி அருங்காட்சியகம், சின்னியம்பாளையம், அங்கிருந்து திரும்பிச் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்த பகுதி. அன்று எங்களோடு வர ரிங்பிரேம் ஐயாவை அழைக்கிறேன்.

ஆனால் ஒரு கருத்தில் நான் அசையவில்லை. படப்பிடிப்புக் கூடங்கள் 1950களுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஒடுங்கியபோது, தொழில் சென்னைக்கு முழுதாகப் பெயர்ந்தபோது, அதைத் தடுத்து நிறுத்த இந்த ஊர்ப் பணக்காரர்கள் பெரிதாக எதையும் செய்யவில்லை. பம்புக்கும் எந்திரத்துக்கும் கிடைத்த இரண்டாம் தலைமுறை கலைக்குக் கிடைக்கவில்லை. ஒளிச்சுருள் அவர்கள் அதைக் கோவையின் இயல்பு என்று பாராட்டினார். எனக்கு அதே இயல்புதான் குறையாகத் தெரிகிறது.

ஒளிச்சுருள்:

சென்னைக்குப் பெயர்ந்ததற்குக் கோவைக்காரரின் மனநிலை மட்டும் காரணமன்று. நடிகர்கள், விநியோகஸ்தர்கள், படச்சுருள் கழுவும் கூடங்கள் எல்லாம் அங்கே குவிந்துவிட்டன. சேலமும் அதே காரணத்தால்தான் காலியானது. இதை நடையின்போது நேரில் பேசிக்கொள்வோம்.

ரிங்பிரேம்:

அழைப்புக்கு நன்றி, வருகிறேன். ஆனால் தேதியைப் பார்த்து வையுங்கள். மாசியில் கோனியம்மன் தேர் நேரத்தில் ராஜ வீதிப் பக்கம் நடக்கவே முடியாது. விஜயதசமியன்று தறிமேடை அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தில் கூட்டம் இருக்கும்; பேத்தி அம்மா சொன்ன ஊர்வலத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாம் நாளை அன்றைக்கே வைத்துவிட்டு, முதல் நாளைப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள். ஸ்டேன்ஸ் மில்லுக்கு உள்ளே அனுமதி கேட்டு இப்போதே கடிதம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் வாசலில் நின்றே எது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், எது நூற்புக் கூடம் என்று என்னால் காட்டிவிட முடியும்.